நடப்பவன் உரிமையும் வழியின் கடனும்

எல்லைக் கோடு என்றால் என்னவென்று திருத்தணி வட்டாரத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்காக ம.பொ. சிவஞானம் அவர்களும் மங்கலங்கிழார் அவர்களும் பட்ட பாடு சிறிதன்று. இரு மாநிலங்களுக்கிடையே கோட்டை எங்கே இழுப்பது என்று அத்துணை கவலை கொண்ட நாம், தார்ச்சாலையின் விளிம்பில் ‘இதுவரை வண்டி, இதற்கப்பால் மனிதன்’ என்று ஒரு கோடு இழுப்பதைப் பற்றி என்றேனும் கவலை கொண்டதுண்டா?

பள்ளிப்பட்டிலிருந்து நகரிக்கும் சோளிங்கருக்கும் திருத்தணிக்கும் செல்லும் சாலைகளை நினைத்துப் பாருங்கள். தறிக்குச் செல்லும் தொழிலாளி அவ்வழியே நடக்கிறார். அரசு வழங்கிய மிதிவண்டியில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றனர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து அண்டை மாநிலத்திலிருந்தும் மக்கள் கால்நடையாக மலையை நாடி வருகின்றனர். கரும்பு ஏற்றிய டிராக்டர் எதிரே வந்துவிட்டால் இவர்களுக்கெல்லாம் மிஞ்சுவது சாலையோரப் புழுதிதான். 2021 நவம்பரில் ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறந்துவிடப்பட்டுக் கொசஸ்தலை ஆறு பெருகியபோது, நெடியத்திலும் சாமந்தவாடாவிலும் தரைப்பாலங்கள் நீரில் மூழ்கின. கார் உள்ளவர் பத்துக் கல் சுற்றிக்கொண்டு போய்விடலாம். தலையில் சுமையோடு நிற்பவருக்கு அந்தத் தரைப்பாலம் ஒன்றே வழி.

இவ்வழிகளில் ஓர் உயிர் போனால் நாம் சொல்வது என்ன? ‘விபத்து’ என்போம், ‘நஸீபு’ என்போம், ‘அவன் நாள் முடிந்தது’ என்று ஜனாஸாவைத் தூக்குவோம். இறைவனின் கழாகத்ரை மறுப்பார் நம்மில் எவருமிலர். ஆயினும் கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டின் எல்லையில், ஸர்ஃகு என்னுமிடத்தில், ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பிவிடத் தீர்மானித்தபோது, இறைவிதியை விட்டு ஓடுவதா என்ற வினா எழுந்தது. ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் அவர்கள் விடை பகர்ந்தார்கள். தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டுவிட்டு விதியின்மேல் பழிபோடுவது, விதியை நம்புவதாகுமா? அது சோம்பலுக்குப் போர்த்திய சால்வை என்றே எனக்குப் படுகிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். எவரையும் இடித்துக் கொல்லும் வலிமை இவர்களுக்கு இல்லை. வலிமை முழுவதும் எதிர்த் தரப்பில் இருந்தது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 65க்கு ஏறினால், மோதுண்ட பாதசாரி இறக்கும் அபாயம் நான்கரை மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓட்டுநருக்கு அது சில நிமிட மிச்சம். இந்த வாணிபத்தில் இலாபம் ஒருவருக்கு, நட்டம் முழுவதும் மற்றொருவருக்கு என்பதே இங்குள்ள அறக்கேள்வி.

நம் மார்க்கச் சட்ட மேதைகள் இக்கேள்வியை விட்டுவைக்கவில்லை. வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்பதை மக்தப் பிள்ளைகளும் அறிவர். வழியில் அமர்வோர் வழிக்குரிய உரிமையைக் கொடுத்தாக வேண்டும் என்றும் அவர்கள் பணித்தார்கள். வழிக்கே ஓர் உரிமையுண்டு என்னும் சொல்லாட்சியை எண்ணி எண்ணி வியக்கலாம். இதன் மேலன்றோ ஃபிக்ஹுக் கலைஞர்கள் பெரியதொரு மாளிகையை எழுப்பினர்! பொதுவழியில் செல்வது எல்லாருக்கும் உரிமை, ஆனால் தவிர்க்கக்கூடிய தீங்கைப் பிறர்க்குச் செய்யாதிருத்தல் என்னும் நிபந்தனைக்கு அது உட்பட்டது என்பது ஹனஃபி மத்ஹபின் விதி. துருக்கியின் உதுமானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘மஜல்லா’ச் சட்ட நூலிலும் இது இடம்பெற்றது. ‘ஹிதாயா’வோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஒருவன் தன் வீட்டின் நீர்த்தாரையையோ கடையின் முகப்பையோ பொதுவழியில் நீட்டினால், சாமானியருள் எவரும் அதை எதிர்த்து வழக்காடலாம். அது விழுந்து ஒருவர் இறந்தால் இரத்த ஈட்டுத் தொகை நீட்டியவன் தரப்பைச் சேரும். அவன் கொல்ல நினைத்தானா என்ற வினாவுக்கே அங்கு இடமில்லை. அவன் வழியைக் குறுக்கினான், அதுவே போதும்.

பதினோராம் நூற்றாண்டின் மாவர்தீ இமாம் அவர்கள் எழுதியதை நம் ஜமாஅத்தார் பொறுமையோடு செவிமடுக்க வேண்டும். நடைவழியில் கட்டடம் எழுப்பினால், வழி அகலமானதே ஆயினும், கட்டியது பள்ளிவாசலே ஆயினும், சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிப் அதை இடிக்கச் செய்வார் என்கிறார் அவர். வழி நடப்பதற்கே உரியது என்பது அவர் காட்டும் காரணம். ஜுமுஆ நாளில் பள்ளியைச் சுற்றி நாம் தாறுமாறாக நிறுத்திவைக்கும் இரு சக்கர வண்டிகளுக்கு நடுவே, குழந்தையை இடுப்பில் ஏந்திய ஒரு தாய் நடுச்சாலைக்கு இறங்கி நடக்க நேர்கிறதே, அந்த இமாம் இருந்திருந்தால் நம்மை என்ன செய்திருப்பார்? தொழுகைக்கு வந்தவன் வண்டி என்பதால் வழியின் உரிமை குறைந்துவிடாது. (முத்தவல்லிமார்கள் என்மீது வருத்தம் கொள்ளலாகாது. மினாராவுக்கு வண்ணம் பூசும் செலவில் ஒரு பகுதி, வண்டி நிறுத்த இடம் ஒழுங்கு செய்யப் போதும்.)

நடைபாதையைப் பற்றிப் பேசினால் உடனே தள்ளுவண்டிக்காரரின் மேல் பாய்வோரும் உளர். அது நேர்மையன்று. வழியை நெருக்காத அளவில் அங்கே அமர்ந்து இளைப்பாறலாம், கொடுக்கல் வாங்கலும் செய்யலாம், அதற்கு ஆட்சியாளரின் அனுமதிகூடத் தேவையில்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் ‘மின்ஹாஜ்’ தரும் தீர்ப்பு. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டமும் அவர்களது பிழைப்பைக் காக்க எழுந்ததே. பூக்கூடை வைத்திருக்கும் கிழவி அடைப்பது இரண்டடி. நிற்கும் கார் அடைப்பது எத்தனை அடி என்று அளந்து பார்க்கலாமே!

இன்றைய நாட்டுச் சட்டமும் மெல்ல மெல்ல இந்நிலைக்கு வருகிறது. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் அவர்கள் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், தக்க நடைபாதை பெறுவது பாதசாரியின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, மாநிலங்கள் அதற்கு நெறிமுறை வகுக்கப் பணித்தது. நடைபாதையில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமேனும் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198அ பிரிவு, தரம் தவறிய சாலை உயிரைக் குடித்தால் அதை அமைத்தவரும் பராமரிப்பவரும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட இடந்தருகிறது. ‘ஹிதாயா’வின் நீர்த்தாரை வழக்கோடு இதற்கு எத்துணை உறவு!

பணம் எங்கே என்பர். சென்னை மாநகராட்சி 2014இல் தன் போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் ஒதுக்கும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் நடைவெளி திறக்கப்பட்டது. ஏட்டில் உள்ளதெல்லாம் தெருவில் வந்துவிட்டதென்று நான் சொல்லவில்லை. பேரூராட்சிக்கு மாநகராட்சியின் வருவாயும் இல்லை. ஆனால் பள்ளிக்கூட வாயிலில் ஒரு வேகத்தடை, தரைப்பாலத்தின் ஓரத்தில் வெள்ள அளவைக் காட்டும் கம்பம், இரவில் கரும்பு வண்டியின் பின்னே ஒளிரும் சிவப்புத் தகடு ஆகியவற்றுக்கு உலக வங்கியின் கடன் வேண்டுமோ?

புதுக்கோட்டையில் 1991 முதல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர் என்பதைப் பத்திரிகையாளர் சாய்நாத் பதிவு செய்துள்ளார். தந்தையையோ தமையனையோ எதிர்பாராமல் தண்ணீருக்கும் வேலைக்கும் சென்றுவரும் விடுதலையை அந்த இரு சக்கரங்கள் தந்தன. இன்று மகளை மிதிவண்டியில் அனுப்ப அஞ்சும் தந்தையைப் பழமைவாதி என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அவர் அஞ்சுவது மகளின் உரிமையையா, எதிரே வரும் லாரியையா என்று கேட்டறிய வேண்டாமா? அச்சத்திற்குரிய சாலை, கொடுத்த மிதிவண்டியைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது.

இன்னொன்று. பெருவழியில் ஒருவர் கொலையுண்டு கிடந்து, கொன்றவர் இன்னாரெனத் தெரியாதபோது, ஈட்டுத் தொகை பைத்துல்மாலைச் சேரும் என்பது ஹனஃபி நூல்களின் தீர்ப்பு. வழி பொதுவானது ஆகையால் அவ்வழியில் சிந்திய இரத்தமும் பொதுக் கருவூலத்தின் பொறுப்பு. மோதிவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியாமற் போனால், இறந்தவர் குடும்பத்திற்கு 25,000 ரூபாயாக இருந்த தொகையை 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு இரண்டு லட்சமாக உயர்த்தியிருக்கிறது. கடுங்காயத்திற்கு 50,000 ரூபாய். ஓடிப்போன வண்டியைத் தேடிக் காவல் நிலையத்திற்கு நடந்து ஓய்ந்த பின், இத்தொகை உண்டென்பதையே அறியாமல் வீட்டில் அமர்ந்துவிடும் ஏழைக் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. மனுவை வருவாய்க் கோட்டத்தையோ வட்டத்தையோ பொறுப்பேற்ற விசாரணை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரை, ஜனாஸா அடக்கமான வாரத்திலேயே அந்த வீட்டாரோடு அனுப்பி வைப்பது ஜமாஅத்தின் வேலை.