காரல் மீனும் கலந்துறையும் ஒளியும்

உயிர் சார்பின்றித் தனித்து நிற்பதன்று. சார்ந்ததன் வண்ணமாதலே அதன் இயல்பு என்பது சித்தாந்தத் துணிபு. இதற்கு ஓர் உவமையை யாம் கிள்ளைக் கடற்கரையிற் கண்டு கூறுவாம். தில்லைப்பதிக்குப் பெயரீந்த தில்லை மரங்கள் இன்றும் தழைத்து நிற்கும் பிச்சாவரத்தை அடுத்தது அவ்வூர்.

ஆங்கு வலைஞர் கொணரும் காரல் மீன் எளியோர் உணவாகும். அதன் உணவுக்குழலைச் சூழ்ந்து சிறு ஒளிப்பை ஒன்றுண்டு. அதனுள் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் உறைந்து ஒளிர்கின்றன. 1967ஆம் ஆண்டில் அறிஞர் அவற்றுக்குப் போட்டோபாக்டீரியம் லெயோக்னாத்தி எனப் பெயரிட்டனர். அதன் பிற்பகுதி காரலின் அறிவியற் பெயரினின்றும் பிறந்தது. மீன் உணவும் உயிர்வளியும் நல்க, அவை ஒளி நல்குகின்றன. அவ்வொளி வயிற்றின்கீழ்ப் பரவி, மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு ஒத்தலின், கீழிருந்து நோக்கும் பகைமீனுக்குக் காரலின் நிழலுரு புலப்படாது என்பர் ஆய்வாளர்.

ஈண்டு உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. இவ்வொளி தாயினின்றும் முட்டைவழி வருவதன்று. குஞ்சு ஒளியின்றியே பிறக்கின்றது. பை உருவாகியபின், சூழ்ந்த கடல்நீரினின்றே உரிய நுண்ணுயிர் உட்புக்குக் குடிகொள்ளும். கடலிற் பல்வகை நுண்ணுயிர் நிறைந்திருப்பவும், இவ்வினமே ஆங்கு நிலைபெறும். பெருகி மிகுந்தவை குடல்வழி மீளவும் கடலைச் சேரும்.

மீன் ஒளியாயிற்றோ எனின், இல்லை. நுண்ணுயிர் மீனாயிற்றோ எனின், அதுவும் இல்லை. வாழ்நாள் முழுதும் உடனுறையினும் இரண்டும் இரண்டே. காண்பார்க்கோ ஒளிரும் மீன் ஒன்றே. கலப்பினால் ஒன்றாதலும் பொருட்டன்மையால் வேறாதலும் ஒருங்கே கூடுமோ என மருள்வார்க்கு இச்சிறுமீன் விடை பகரும்.

அற்றேல், நுண்ணுயிர் முதல்வனுக்கு உவமையாமோ எனின், முற்றும் ஆகாது. அது மீனினிடத்து ஊண் பெற்று வாழ்வது. முதல்வனோ நம்மிடத்துப் பெறுவது யாதுமிலன். மீன் தன் ஒளியைத் திரையிட்டு மறைக்கவும் விடுக்கவும் வல்லது. திருவருளை அவ்வாறு ஆளுதல் நமக்கு இயலாது. ஆகலின், ஒருவர்க்கொருவர் உதவி உடனுறையும் அடியார் கூட்டத்துக்கே இவ்வுவமை பெரிதும் பொருந்துவதாம்.

இதனாற் பெறப்படுவது யாது? சைவக் குடியிற் பிறந்தமையும் மடத்தின் நிழலில் வளர்ந்தமையும் பையே யன்றி ஒளியல்ல. முன்னோர் பெற்ற ஒளி, பிறப்புரிமையாய் நம்மை வந்தடையாது. ஒவ்வொரு தலைமுறையும் நற்சார்பினைப் புதிதாய்ப் பெறுதல் வேண்டும். பெற்றார் அதனைத் தம்மளவிற் பூட்டி வைத்தலும் தகாது. காரல் கடலிற் கலக்கவிடுவதே பின்வரும் குஞ்சுகட்கு வித்தாகும். நாம் கற்றதும் கேட்டதும் மடத்து மதிலைக் கடந்து ஊரிற் கலவாவிடின், நாளைப் பிறக்கும் உயிர்கள் பையுடையராயும் இருளில் நிற்பர் என்க.