விதித்தவன் எவன்?

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர்.

நிகழ்வன யாவும் இறைவன் விதித்தவை. ஆயினும் மனிதன் தன் விருப்பப்படியே செய்தலின் பொறுப்பு அவனதே என்பர் கால்வின் வழியினர். அவ்விருப்பத்தையும் விதித்தவன் எவன் என வினவுகின்றோம். எல்லாம் முன்வினை என்று நம்மவர் சிலர் அமைதி கொள்வதும் அத்தகையதே.

யாவும் பழவினை, யாவும் இறைசெயல், யாவும் காரணமின்றி நிகழ்வன என்னும் மூன்று கொள்கைகளையும் அங்குத்தர நிகாயத்தில் பகவன் மறுத்தார். செய்யத்தக்கதைச் செய்யும் முயற்சியை அவை கெடுக்கும் என்றார்.

பெருமழையைத் தடுத்தல் நம்மால் இயலாது. சரிவின்கீழ்க் குடியிருப்பு அமைத்தலோ மனிதர் முடிவு. அதனை விதியின்மேல் ஏற்றுவோர், அடுத்த மழைக்கும் ஏழைகளை அத்தகைய சரிவிலேயே உறங்கச் செய்வர்.