இலவச சங்கீதம்

காசு கொடுக்காமல் வருகிற பொருளுக்கு மதிப்பு இராது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சங்கீதத்தைப் பொறுத்த மட்டில் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தஞ்சைச் சீமையில் நாகசுரத்தைக் காசு கொடுத்துக் கேட்டவர் எத்தனை பேர்? மல்லாரி முழங்க சுவாமி புறப்படும்போது மிராசுதாரும் கேட்டார். கோயிலுக்குள் விடப்படாதவனும் தெருக்கோடியில் நின்று கேட்டான். காற்று யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை. அப்படி வளர்ந்ததுதான் இந்த மண்ணின் ரசனை.

இப்போது இணையம் அந்தக் காற்றின் வேலையைச் செய்கிறது. 1999-ல் அமெரிக்காவில் 'நாப்ஸ்டர்' வந்தது. ஒருவர் கணினியில் உள்ள பாட்டை இன்னொருவர் விலையின்றி எடுத்துக்கொண்டார். நீதிமன்றம் குறுக்கிட்டு 2001-ல் அது நின்றது, பழக்கம் நிற்கவில்லை. நம் பக்கத்தில் அதற்குச் சாதுவான ஓர் உருவம் உண்டு. சபாக் கச்சேரிகளை ரசிகர்கள் நாடாவில் பதிந்தார்கள். கேசட்டில் பிரதி எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். பின்னர் அவை 'சங்கீதப்ரியா' போன்ற தளங்களில் எல்லோருக்கும் கிடைத்தன. பழைய இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷந்தான். ராகத்துக்கு மூச்சு முட்டும். ரசிகன் பதிந்ததில் ஆலாபனை சாவகாசமாக உட்கார்ந்து பேசுகிறது. கம்பெனிகள் விற்க நினைக்காததை ரசிகனின் ஆசை காப்பாற்றியது. இது பெரிய லாபம்.

நஷ்டம் எங்கே என்றால், நாகப்பட்டினத்தில் இருக்கும் என் உறவுப் பையன் ஒருவனின் கேள்வியில் இருக்கிறது. ஆடிப்பூரத்துக்குக் கோயிலுக்குப் போகலாம், நாகசுரம் கேட்கலாம் என்று கூப்பிட்டேன்.

"ராஜரத்தினம் பிள்ளையோட தோடியே என் போன்ல இருக்கு பெரியப்பா. நீலாயதாட்சி கோயில்ல போய் நின்னு புதுசா என்ன கேக்கப் போறோம்?" என்றான்.

அவன் ரசனையற்றவன் அல்ல. ஐந்து வித்வான்களின் தோடியை ஒப்பிட்டுச் சொல்லக் கூடியவன். அதனால்தான் அவன் கேள்வி எனக்குக் கனமாக இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தார். பதிவில் இருக்கும் தோடிக்கு இனி மூச்சு இரைக்காது, சீவாளி பிசகாது. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், சந்நிதியில் இன்று ஊதுகிற மனிதர் தினந்தினம் தோற்கத்தான் வேண்டும். தலையாட்ட ஆளில்லாத இடத்தில் அடுத்த தோடி எங்கிருந்து பிறக்கும்?

பழைய இலவசமும் உண்மையில் இலவசமல்ல. கோயில் மானியமாக நிலம் விட்டிருந்தது. கல்யாணத்துக்குக் கல்யாணம் சன்மானம் இருந்தது. கேட்டவன் தராவிட்டாலும் ஊர் தந்தது. கோப்பாக வரும் சங்கீதத்துக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு காவல் வைத்திருக்கிறது. எதை எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும். எடுத்து ரசித்தவன் யாருக்குக் கடன்பட்டான் என்று அது சொல்லாது.

மறைந்த வித்வானுக்கு அந்தக் கடனைத் திருப்ப வழியில்லை. அவர் பழக்கிவிட்ட காதோடு, உயிரோடிருக்கும் ஒருவர் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கலாம்; சன்மானமாக இயன்றதைக் கொடுக்கலாம். பதிவுகளை அழித்துவிடு என்று நான் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. அத்தனை கேட்டுத் தேர்ந்த காது கோயில் வாசலில் நின்றால், வாசிக்கிறவருக்கு அது தெரியும். அன்றைக்கு அவர் இன்னும் கொஞ்சம் நன்றாக வாசிப்பார் என்றுதான் சொன்னேன்.