பார்த்தால் மட்டும் போதுமா?



போன மாசம் என் மூத்த அண்ணனை ஆஞ்சியோகிராம் எடுக்க அழைத்துப் போயிருந்தேன். இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. இடது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், இரத்தம் ஓடும் பாதை தெரியாது. ஆகவே கவட்டியில் சிறு துவாரமிட்டு, மெல்லிய குழாயை இரத்தக்குழாய்க்குள் விட்டு, அயோடின் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். தொடையில் ஓரிடத்தில் அந்தப் பாதை நூல்போல் மெலிந்திருந்தது. "பலூனை உள்ளே விட்டு விரிச்சிடலாம்" என்றார் டாக்டர்.

அண்ணன் என்னைப் பார்த்து, "ஏன்டா தம்பி, ஆறு மாசமா நொண்டி நொண்டி நடந்தேனே, நீ பாக்கலியா?" என்றார்.

பார்த்தேன். ஞாயிறுதோறும் பார்த்தேன். "பீடியை விடுங்கண்ணே" என்று புத்தி சொன்னேன். ஜெபக்குறிப்பில் பேரும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை!

இந்த வைத்தியம் பிறந்த கதையிலும் இதே கேள்விதான் இருக்கிறது. 1964 ஜனவரி 16-ம் தேதி. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட் பட்டணம். 82 வயதுத் தாயார் ஒருவருக்குப் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த அம்மா சம்மதிக்கவில்லை. அங்கே சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே டாக்டர் இருந்தார். அந்நாட்களில் எக்ஸ்ரே டாக்டரின் வேலை படம் எடுத்துக் கொடுப்பது. சரிசெய்வது சர்ஜன் வேலை. டாட்டர் அந்த எல்லையைத் தாண்டினார். அடைப்பின் ஊடே மெல்லிய கம்பியை நுழைத்து, அதன்மேல் ஒரு குழாயை ஏற்றி, அதன்மேல் இன்னும் தடித்த குழாயை ஏற்றி வழியைத் திறந்தார். குளிர்ந்து கிடந்த பாதம் சூடானது. வலி நின்றது. மரிக்குமட்டும் அந்த அம்மா தம் சொந்தக் கால்களால் நடந்தார்.

ஆனாலும் பல சர்ஜன்கள் அவரை நம்பவில்லை. வேறொரு நோயாளிக்கான சீட்டில், "படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம்" என்ற கருத்தில் எழுதியே அனுப்பினார்கள்.

அப்படியானால், கண்ணில் பட்ட அடைப்பையெல்லாம் திறந்துவிட வேண்டுமா? அதுவும் இல்லை, அன்பானவர்களே. நிலையான இருதய நோயுள்ள 2,287 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி ஒன்று 2007-ல் வெளியானது. நல்ல மருந்துகளோடு அடைப்பையும் விரித்தவர்களுக்கும், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும், மரணத்திலோ மாரடைப்பிலோ வித்தியாசம் காணப்படவில்லை. மாரடைப்பு வந்துகொண்டிருக்கிற நேரத்தில் குழாயைத் திறப்பது உயிர் காக்கும், அது வேறு. படத்தில் குறை தெரிகிறது என்பதற்காகவே கை வைத்தால், நாம் படத்துக்குத்தான் வைத்தியம் செய்கிறோம், மனுஷனுக்கு அல்ல.

ஆகவே தொடுவதா, தொடாமலிருப்பதா என்பதல்ல கேள்வி. யாருக்காகத் தொடுகிறோம்? யாருக்காக விலகி நிற்கிறோம்? நோயாளியின் நன்மைக்காக ஒரு டாக்டர் கையை எடுத்துக்கொண்டால் அது ஞானம். தன் எல்லைக்காகவோ, தன் பேருக்காகவோ, என்னைப்போல் தன் வசதிக்காகவோ எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பேர். "நமக்கேன் வம்பு" என்று நான் சொன்னபோது அண்ணனை நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காத்துக்கிடக்க வேண்டிய என் நாளை நினைத்தேன்.

அண்ணனுக்குப் பலூன் வைத்து விரித்தார்கள். பாதம் தப்பியது. பெருவிரல் தப்பவில்லை. இன்னும் முன்னாடியே வந்திருந்தால் ஒருவேளை அதுவும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். அந்த வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது.

அருமையானவர்களே, நம் வீட்டில், நம் தெருவில், நாம் ஞாயிறுதோறும் பார்த்துவிட்டு வருகிற கால் யாருடையது? சிந்தித்துப் பாருங்கள். இன்றைக்கே எழுந்து போய், "வாங்க, நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள்.