முகிலும் பொறுப்பும்

புதிய தொழில்நுட்பம் ஒன்று நம்மிடையே வந்து வழங்கும்போது, அதனோடு கூடிவரும் பெயரையும் நாம் ஆராய வேண்டியவராகின்றோம். ‘கிளவுட்’ என்றும் ‘முகில்’ என்றும் இன்று பேசப்படுவது அத்தகைய ஒரு பெயர். ஒரு நிறுவனம் தன் கடிதங்களையும் கணக்குகளையும் ஆட்பதிவுகளையும் தன் கந்தோரில் வையாது, வேறோரிடத்துப் பெருங் கணினிக் கூடத்தில் வைத்து, இணையத்தின் வழியே எடுத்தாளும் முறைக்கே இப்பெயர் வழங்குகின்றது. வானத்து முகில் எவர்க்கும் உரியதன்று. அதற்குக் காவலும் இல்லை. நாம் கூறும் முகிலோ சீமெந்துக் கட்டடத்துள், குளிரூட்டிய அறையில், ஓயாது மின்சாரம் உண்டு இயங்கும் இயந்திரத் தொகுதி. அதற்கு உடைமையாளர் உண்டு, ஒப்பந்தம் உண்டு, இரவுக் கடமையிற் கண்விழிக்கும் தொழிலாளரும் உண்டு. அழகிய பெயர் இவர்களனைவரையும் மறைத்துவிடுகின்றது.

பொருளை இன்னொருவர் கையிற் கொடுத்துவிட்டால் அதற்கான பொறுப்பும் கூடவே போய்விடுமா? இக்கேள்வி பொறியியலாளருக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அது அறத்தைப் பற்றிய கேள்வி.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் இந்நாட்டில் நிகழ்ந்ததை நம்மிற் பலர் மறந்திருப்பர். அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் ‘லங்கா அரசாங்க முகில்’ என்னும் பொதுத் தொகுதியில் வைக்கப்பட்டிருந்தன. கப்பம் கோரும் நோக்குடன் ஏவப்பட்ட தீநிரல் ஒன்று அதனுட் புகுந்து தரவுகளைப் பூட்டிற்று. அமைச்சரவைக் காரியாலயம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தொழிந்தன. தொகுதி விரைவிலேயே மீண்டும் இயங்கிற்று. ஆயின், அக்காலத்துக் கடிதங்களுக்கு மறுபடி எங்கும் இருக்கவில்லை. தொகுதியை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பின்னர்க் கூறிய விளக்கம் நம் கவனத்துக்குரியது. அதுவரை பயன்பட்டது 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மைக்ரோசொஃப்ட் மென்பொருள். அது காலங்கடந்து, தாக்குதலுக்கு இலகுவில் இரையாகும் நிலையை அடைந்திருந்தது. 2021 முதல் அதனைப் புதுப்பிக்கத் திட்டமிருந்தும், பணப் பற்றாக்குறையாலும் முந்திய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் அது தாமதமாயிற்று.

குற்றம் செய்தவன் தாக்கியவனே என்பதில் ஐயமில்லை. ஆயினும் கள்வன் வந்தது ஓரிரவு. கதவின் பூட்டு துருப்பிடித்துக் கிடந்ததோ ஆண்டுக்கணக்கில். ஒத்திவைத்தல் என்பது ஒரு செயலாக எவர் கண்ணுக்கும் படுவதில்லை. கூட்ட அறிக்கையில் அது ஒரு வரியாக அமைந்து, அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்யப்பட்டு, கோவைக்குள் அடங்கிவிடுகின்றது. பத்துப் பேர் கூடி எடுத்த தீர்மானத்தில் ஒவ்வொருவர் பங்கும் பத்திலொன்று எனக் கொள்வது கணிதத்துக்குப் பொருந்தலாம், அறத்துக்குப் பொருந்தாது. தலையசைத்த ஒவ்வொருவரும் முழுமையாகவே தலையசைத்தார்.

‘படி’ என்னும் சொல்லை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஏடு செல்லரிக்கும் என்பதை அறிந்த நம் முன்னோர், படியெடுத்தலையே பாதுகாத்தலாகக் கொண்டனர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் உழைப்பெல்லாம் ஏடு தேடுவதிலும் ஏட்டோடு ஏட்டை ஒப்பிடுவதிலுமே கழிந்தது. படியெடுப்பார் இல்லாது போன நூல்கள் பல இன்று உரையாசிரியர் வாக்கில் வெறும் பெயராகவே வாழ்கின்றன. எழுத்தாணி பிடித்தவர் அறிந்திருந்த இவ்வுண்மை, பணம் ஒதுக்குவோர்க்கு இன்றும் எட்டவில்லை.

முற்போக்கு அன்பர் சிலர், அந்நிய ஏகபோகத்தின் பிடியே இதற்கெல்லாம் மூலம் என்பர். அதிலும் உண்மையுண்டு. 2025 யூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததை அடுத்து, இந்தியாவின் நயாரா எண்ணெய் நிறுவனத்துக்குரிய சேவைகளை மைக்ரோசொஃப்ட் திடீரென நிறுத்திற்று; அந்நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பின்னர், சில நாட்களில் அவை மீண்டன. கட்டணம் செலுத்தியிருந்தும், தன் கடிதங்களையே தான் திறக்கவியலாத நிலை! ஆயின் லங்கா அரசாங்க முகில் நம் அரசின் முகிலன்றோ? உடைமை அரசிடம் இருந்தால் மட்டும் போதும் என்ற நம்பிக்கையோடு நாம் நின்றுவிட முடியாது.

தென்கொரியாவில் நிகழ்ந்தது இதனினும் துயரமானது. 2025 செப்டெம்பர் 26இல் தேஜோன் நகரிலுள்ள அரச தகவல் நிலையத்தில் மின்கலத் தொகுதி தீப்பற்றி, 709 அரச கணினிச் சேவைகள் நின்றன. அவற்றுட் பெரும்பாலானவை படிப்படியாக மீண்டன. மீளாதது ‘ஜி-டிரைவ்’ என்னும் சேமிப்பகம். அரச ஊழியர் தம் பணிக்கோப்புகளை மேசைக் கணினியில் வைத்தலாகாது, இதிலேயே வைத்தல் வேண்டும் என அமைச்சொன்று பணித்திருந்தது. பணிந்தவரே இழந்தனர். 858 டெராபைட் தரவுக்கு மறுபடி இல்லை. அளவிற் பெரிதாதலால் படியெடுக்க இயலவில்லை என்பது அதிகாரிகள் கூறிய காரணம். பெரிதென்பது காக்கத்தக்கது என்பதற்கன்றோ காரணமாதல் வேண்டும்? மீட்புப் பணியை மேற்பார்வை செய்துவந்த அரச உத்தியோகத்தர் ஒருவர் ஒக்டோபர் 3ஆந் திகதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் உள்ளத்தில் இருந்தது யாதென நாம் கூறத் துணியோம். ஆயினும் மேலே எடுக்கப்படும் தீர்மானங்களின் சுமை, அவற்றை எடுத்த மேசையில் ஒருபோதும் இறங்குவதில்லை என்பது நாம் எந்தக் கந்தோரிலும் காணும் காட்சி.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. 2024 மே மாதத்தில், 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆஸ்திரேலியத் தொழிலாளரின் ஓய்வூதியப் பணத்தைப் பரிபாலிக்கும் யுனிசூப்பர் நிதியத்தின் தனி முகில் ஒன்று, கூகிள் நிறுவனத்தார் ஓர் இடத்தை நிரப்பாது விட்டமையால் அழிந்தது. நிதியம் பிழைத்தது; அதன் ஊழியர் வேறொரு நிறுவனத்திடம் இன்னொரு படியை வைத்திருந்தமை மீட்சிக்குப் பெரிதும் உதவிற்று. அந்த இரண்டாவது செலவை வீண் என்று கூறி வெட்டிவிடுவது எத்துணை இலகு என்பதை, வரவு செலவுத் திட்டம் பற்றிய கூட்டத்தில் ஒருமுறையேனும் இருந்தவர் அறிவர்.

நம் பாடசாலைகளிலும் இன்று பிள்ளைகளின் பிறந்த திகதி, பெற்றோர் தொழில், புள்ளிகள் யாவும் கணினியில் ஏற்றப்படுகின்றன. ஏற்றுபவர் பெரும்பாலும் நாமே, ஆசிரியர்களே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திரட்டும் நிறுவனத்தின் மீது கடமைகளை விதிக்கின்றது. அதன் முக்கிய ஏற்பாடுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது! இப்பதிவுகள் எக்கட்டடத்தில் உள்ளன? மறுபடி எவர் பொறுப்பில் உள்ளது? அப்படியிலிருந்து மீட்டெடுக்க இயலுமா என இறுதியாகச் சோதித்தது எப்போது? ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவர் யார்? அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இவ்வினாக்களை எழுப்பி, கிடைக்கும் விடையை, விடை இல்லையாயின் அவ்வின்மையையே, கூட்டக் குறிப்பேட்டில் பதியுமாறு நாம் கேட்கலாம். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டியதில்லை.