பாவத்தின் ஆளுகையும் கிறிஸ்தவ விடுதலையும்

பாவத்திலிருந்து விடுதலை என்று கிறிஸ்தவ மறை சொல்வதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. செய்த குற்றத்தின் தண்டனை நீங்குவது ஒன்று. அதே குற்றத்தை மறுபடி செய்ய இழுக்கும் பிடி அறுவது மற்றொன்று. முன்னதைப் பெரும்பாலோர் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். பிரசங்கங்களிலும் அதுவே மிகுதியாகப் பேசப்படுகிறது. பின்னது கடினமானது. சபைகள் பிரிந்து வழக்காடியதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். மன்னிப்புப் பெற்ற குடிகாரர் மறுநாள் மாலையும் மதுக்கடை வாசலில் நிற்பது ஏன் என்று கேட்டால், மன்னிப்பைப் பற்றிய போதனை மட்டும் அதற்கு விடையாகாது.

இதற்கு மூலமான பகுதி, பவுல் ஏறத்தாழ கி.பி. 57இல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 6, 7, 8ஆம் அதிகாரங்கள். அங்கே பாவம் எஜமானாக வருகிறது. ஆள்கிறது, வேலை வாங்குகிறது, கடைசியில் கூலியும் கொடுக்கிறது. அந்தக் கூலி மரணம். அடிமையின் மேல் எஜமானுக்குள்ள உரிமை அடிமை செத்தால் முடிந்துபோகும். பவுலின் வாதம் இந்த நடைமுறையைப் பிடித்துக்கொண்டு எழுகிறது. ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்குகிறவர் கிறிஸ்துவோடு செத்து அடக்கம் பண்ணப்படுகிறார். செத்தவர்மேல் பழைய எஜமானுக்குப் பாத்தியதை கிடையாது. தண்ணீரை விட்டு எழுகிறவர் வேறொரு ஆண்டவருக்குச் சொந்தம். எனவே இந்த விடுதலை யாருக்கும் கட்டுப்படாத தனிநிலை ஆகாது, எஜமான் மாறிய நிலை. 7ஆம் அதிகாரத்தில் நன்மை செய்ய மனமிருந்தும் தீமையையே செய்துவிட்டுப் புலம்பும் ஒரு மனிதனின் குரல் கேட்கிறது. அது விசுவாசத்துக்கு வருமுன் இருந்த நிலையா, வந்த பின்னும் தொடரும் நிலையா என்பதில் பழங்காலம் முதலே உரையாசிரியர்கள் ஒத்துப்போனதில்லை. 8ஆம் அதிகாரம், சட்டம் செய்ய முடியாததைத் தேவ ஆவி செய்வதாக முடிவு சொல்கிறது.

காவிரிப் படுகையில் இந்தப் பேச்சு வெறும் உருவகமாகக் கேட்டிருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை தஞ்சை, திருச்சி நஞ்சை நிலங்களில் பள்ளரும் பறையருமான பண்ணையாட்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், ஒற்றியும் வைக்கப்பட்டார்கள். அடிமை மேல் உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843இன் 5ஆம் சட்டம் சொன்னது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்துக்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஜமான் மாறினான் என்ற செய்தியைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை விடிந்ததும் அதே மிராசுதாரின் வயலுக்குப் போக வேண்டியவருக்கு, உள்ளத்தின் விடுதலைக்கும் உடலின் விடுதலைக்கும் என்ன உறவு என்பது ஏட்டுக் கேள்வி அல்ல.

கோட்பாட்டின் வரலாற்றில் முதல் பெரிய மோதல் அகுஸ்தீனுக்கும் (354–430) பெலாகியுசுக்கும் இடையே நடந்தது. மனிதன் நினைத்தால் பாவம் செய்யாமல் வாழ முடியும், நல்ல முன்மாதிரியும் கட்டளையும் போதும் என்றார் பெலாகியுஸ். அந்த விருப்பமே நோயுற்றுக் கிடக்கிறது, கிருபை முந்தி வந்து தொடாவிட்டால் அது நன்மையை விரும்பக்கூட விரும்பாது என்றார் அகுஸ்தீன். 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாகியுசின் போதனையைக் கண்டித்தது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து லூத்தர் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து பிரித்தார். கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி 1520இல் அவர் எழுதிய சிறு நூல், தன் மீட்புக்காக எதையும் சம்பாதிக்க வேண்டியிராதவனே அயலானுக்காக முழு மனதோடு உழைக்க முடியும் என்று வாதிடுகிறது. விசுவாசி சாகும் வரை ஒரே சமயத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்பதும் அவர் போதனை. கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் இதை ஏற்கவில்லை. திருமுழுக்குக்குப் பிறகு இச்சை எஞ்சி நிற்கிறது. ஆனால் மனம் இசையாதவரை அது பாவமாகாது என்று 1546இல் தீர்மானித்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நுண்ணிய சொற்போர். வாழ்க்கையில் இறங்கிப் பார்த்தால் இரண்டும் இரண்டு விதமான மனிதரை உருவாக்குகின்றன. லூத்தரன் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையின் தொடக்கத்திலேயே சபையார் எல்லாரும் பாவ அறிக்கை செய்து மன்னிப்பின் வார்த்தையைக் கேட்கிறார்கள். ஆலயத்தில் எத்தனை வருடம் மூத்தவரானாலும் அதிலிருந்து விலக்கு இல்லை. கத்தோலிக்கர் தவக்காலத்தைத் திருநீற்றுப் புதனில் தொடங்குகிறார். முந்தின ஆண்டின் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு, நோன்பும் சிலுவைப்பாதையும் ஒப்புரவு அருளடையாளமுமாக நாற்பது நாள் இச்சையோடு மல்லுக்கட்டிப் பழகுகிறார். ஒருவர் தினமும் புதிதாக மன்னிக்கப்படுகிறார், இன்னொருவர் படிப்படியாக வலிமை பெறுகிறார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் சங்கமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டு, மீட்பு கிருபையால் மட்டுமே என்பதில் தாங்கள் ஒன்றுபடுவதாக அறிவித்தன. தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் தலைமையகமும் கத்தோலிக்க மறைமாவட்டமும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயமும் அடுத்தடுத்து இருக்கும் திருச்சிக்கு இந்த அறிக்கை வெளிநாட்டுச் செய்தி அல்ல. ஆனால் சபைகளுக்குள் அது போதிய அளவு பேசப்படவில்லை.

திருச்சியில் இந்தப் போதனை காலியான நிலத்தில் விதைக்கப்படவில்லை. 1606இல் மதுரைக்கு வந்து 1620களில் திருச்சிவரை பணியை விரித்த ராபர்ட் டி நொபிலி முதலில் எதிர்கொண்டது வினைக் கொள்கையை. முன்வினை தானாக வந்து பலிக்கும் என்றால், மன்னிக்கிறவருக்கு அங்கே இடமில்லை என்பது அவர் தரப்பு. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருவரங்கத்தில் இதே சிக்கலுக்கு ஏற்கெனவே ஆழமான விடை தேடப்பட்டிருந்தது. இராமானுசர் பங்குனி உத்திரத்தன்று அரங்கன் திருமுன் சரணாகதி செய்ததாக வைணவ மரபு போற்றுகிறது. அருளைப் பெற மனிதன் ஏதேனும் செய்தாக வேண்டுமா என்பதில் பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரும் வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரும் பிரிந்தார்கள். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியும் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும் அந்த விவாதத்தின் எடுத்துக்காட்டுகள். அகுஸ்தீனைப் படித்தவருக்கு இது பழகிய தெரு போலத் தோன்றும். சரணடைந்தவரின் பழைய வினைக் குவியல் நீங்கினாலும் இந்த உடம்பைத் தொடங்கிவைத்த வினை உடம்பு விழும் வரை நிற்கும் என்பதும், விசுவாசியிடம் பாவத்தின் ஆட்சி போனாலும் அதன் எச்சம் சாகும் வரை நிற்கும் என்பதும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியவை. வேறுபாடும் உண்டு. வினை செய்தவரையே சேரும் பலன். பவுல் சொல்லும் பாவம் மனித குலம் முழுவதையும் ஒன்றாகக் கட்டி ஆளும் ஓர் அதிகாரம். தனி மனிதர் ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்த்துக்கொண்டு வெளியேறக்கூடிய இடம் அல்ல அது.

உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வாரின் வரலாறும் இங்கே சேரும். பாணர் குலத்தவர் என்பதால் காவிரிக்கு அக்கரையில் நின்றே பாடிய அவரை, லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனதாக மரபு சொல்கிறது. அருள் வந்து தொட்டால் தீட்டு எங்கே போகும் என்ற கேள்வியை, கிறிஸ்தவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உறையூர் கேட்டுவிட்டது.

18ஆம் நூற்றாண்டில் இந்தக் கோட்பாட்டைத் திருச்சியில் கொண்டுவந்து நிறுத்தியவர் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ் (1726–1798). ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தில் உருவானவர். 1762இல் திருச்சிக்கு வந்தார், மறு ஆண்டில் பள்ளி தொடங்கினார், 1766இல் தெப்பக்குளத்துக்கு அருகே கோட்டையில் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பினார். மனந்திரும்பியதற்கு அடையாளம் நடத்தையில் தெரிய வேண்டும் என்பதில் ஹாலே இயக்கம் விட்டுக்கொடுக்காது. சுவார்ட்ஸிடம் அந்த அளவுகோலை ஒரு பெண் திருப்பிப் பிடித்தாள். நட்டுவனாரோடு வந்த நடனப் பெண் ஒருத்தியிடம், தூய்மையற்றவர் விண்ணரசில் நுழைய முடியாது என்று அவர் சொன்னார். அப்படியானால் ஐரோப்பியர் யாரும் அநேகமாக அங்கே போகப்போவதில்லையே என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாளாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் குடியும் கொள்ளையும் அன்று ஊரறிந்தவை. அதிலிருந்த ஐரோப்பியரோ ஞானஸ்நானம் பெற்றவர்கள். பாவத்தின் ஆளுகை ஒழிந்தது என்று பிரசங்கிப்பவருக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு கிடைத்திருக்காது. அதை மறைக்காமல் அவர் பதிவு செய்தது அவர் நேர்மைக்குச் சான்று. அவரிடம் அந்த விடுதலை எப்படித் தெரிந்தது என்பதற்கு 1779 ஒரு சான்று. ஐதர் அலியிடம் தூது போய்த் திரும்பியபோது வழிச்செலவுக்கென அவர் கொடுத்த பணத்தைச் சுவார்ட்ஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்.

நடத்தையை அளவுகோலாக்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. சுவார்ட்ஸின் ஆலயம் எழுந்த அதே 1766இல் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி கிறிஸ்தவப் பூரணத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். அறிந்து செய்யும் பாவம் இல்லாத அன்பின் நிறைவு இந்த வாழ்விலேயே கிட்டும் என்றார் அவர். அந்த ஊற்றிலிருந்து கிளைத்த பரிசுத்த இயக்கமும் பெந்தெகோஸ்தே சபைகளும் தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் பேரைக் குடியிலிருந்து மீட்டிருக்கின்றன. நகை களைவதும் வெள்ளை உடுத்துவதும் அவற்றில் பலவற்றின் அடையாளம். அடையாளமே அளவாகிவிடும் இடத்தில், பவுல் எதிலிருந்து விடுதலை என்றாரோ அந்தச் சட்டம் வேறு பெயரில் திரும்பி வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விடக் கடுமையான சோதனை சாதியில் வந்தது. நொபிலியின் மறைப்பணியில் 1640 வாக்கிலேயே மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குருவும் மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்ற வேறு வகைக் குருக்களும் என்று பிரிந்தாயிற்று. சுவார்ட்ஸ் வழிவந்த சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கமும் பறையர் இன்னொரு பக்கமும் உட்கார்ந்தனர். நற்கருணைப் பாத்திரம் முதலில் யாரிடம் போகும் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. 1826இல் பேராயர் ரெஜினால்டு ஹீபர் இதை விசாரிக்கத் தொடங்கினார், மென்மையாகவே பார்த்தார். ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில் நீராடும்போது இறந்துபோனார். சில ஆண்டுகள் கழித்துப் பொறுப்பேற்ற பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியைச் சபைக்குள் இனி அனுமதிக்க முடியாது என்று ஆணையிட்டார். தஞ்சையில் பலர் வெளியேறினர். சுவார்ட்ஸ் வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களின் பக்கமே நின்றார். 1840 முதல் வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் வெளியேறியவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, பறையர் சமைத்த உணவை உண்ணச் சம்மதிப்பதைச் சாதி விட்டதற்கு அடையாளமாக வைத்தபோது லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை.

லைப்சிக் தரப்பை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி சமூக வழக்கம், நற்செய்தி உள்ளத்தை மாற்றினால் அது காலப்போக்கில் உதிரும், கட்டளை போட்டு உதிர்த்தால் அது புதிய சட்டமாகிவிடும் என்று கருதினார். கிருபை சட்டத்தால் வராது என்பது லூத்தரின் போதனைக்கு இதயம். ஆனால் இந்த வாதம் ஓரிடத்தில் உடைகிறது. கலாத்தியருக்கு எழுதிய கடிதம் முழுவதும் சுதந்திரத்தைப் பற்றியது. அதில் பவுல் நினைவுகூரும் சண்டை அந்தியோக்கியாவில் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது. புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். அவர் உள்ளம் மெல்ல மாறட்டும் என்று பவுல் பொறுத்திருக்கவில்லை, எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். தன் ஆசையோடு போராடுகிறவருக்குப் பொறுமை தகும். பந்தியில் ஒதுக்கப்படுகிறவர் இன்னொருவரின் மனமாற்றத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

கத்தோலிக்கர் பக்கத்திலும் கணக்கு நேராக இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டது. அதை அகற்றக் கோரித் தலித் கிறிஸ்தவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். செத்தவர்மேல் பழைய எஜமானுக்குப் பாத்தியதை இல்லை என்று பவுல் சொல்லியிருக்க, அந்தச் சுவர் பிரித்தது செத்தவர்களை. 1982இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை கிறிஸ்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்றது. 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் சாதிப் பாகுபாட்டைக் கடுமையான சமூகப் பாவம் என்றே பெயரிட்டது. வழக்கம் என்று கிரவுல் ஒதுக்கிவைத்தது இதனால் பாவ அறிக்கையின் எல்லைக்குள் வந்தது: பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்ல வேண்டியதாக, மன்னிப்புக்குப் பின் விட்டுவிட வேண்டியதாக, பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாக.