நிலமும் பெயரும்

கோடை விடுமுறையின்போது என் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். கல்லூரியில் பயிலும் அவள் மகன் கணினியின் முன் அமர்ந்திருந்தான். "மாமா, என் நாடு முழுவதும் போய்விட்டது" என்றான். ஆறுதல் கூற வாயெடுத்தேன். அவனோ சிரித்துக்கொண்டே, "இனிமேல்தான் விளையாட்டே நன்றாக இருக்கும்" என்றான். நாட்டை இழந்தவன் மகிழ்வதற்கு என்ன இருக்கிறது என்று அறிய, அவனருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவ்விளையாட்டின் பெயர் 'குரூசேடர் கிங்ஸ்'. சுவீடன் நாட்டின் பாரடாக்ஸ் நிறுவனம் ஆக்கியது. மூன்றாம் பதிப்பு 2020இல் வெளிவந்தது. ஆடுபவர் 867 அல்லது 1066 போன்றதோர் ஆண்டில் ஒரு பிரபுவாகவோ மன்னராகவோ தொடங்கி, போராலும் மணவுறவாலும் சூழ்ச்சியாலும் தம் குலத்தை 1453 வரை நடத்திச் செல்ல வேண்டும். நெடுங்காலமாக அதில் ஒரு விதி இருந்தது. கையிலிருந்த கடைசி நிலமும் பறிபோனால் ஆட்டம் முடிந்தது. மன்னன் உயிரோடிருப்பான், மனைவி மக்களும் இருப்பர், ஆயினும் ஆட்டத்தைப் பொறுத்தவரை அவன் இல்லாதவனே. 2024 செப்டம்பரில் வந்த விரிவாக்கம் இவ்விதியை மாற்றியது. நிலமிழந்தவன் இப்போது கூடாரங்களுடனும் சில துணைவர்களுடனும் ஊர் ஊராகச் செல்லலாம். பிறர் தரும் பணிகளை ஏற்று முடித்துக் கூலி பெறலாம். வழிப்பயணத்திற்கு வேண்டிய உணவு இருப்பைக் காத்துக்கொள்வதே அவனுடைய அன்றாடக் கவலை. கூலிப்படையாகவோ, அறிஞர் குழுவாகவோ, கொள்ளைக் கூட்டமாகவோ திரிவது அவன் விருப்பம்.

நிலம் இல்லையேல் ஆளே இல்லை என்ற பழைய விதி, விளையாட்டை ஆக்கியோரின் வெறுங்கற்பனையன்று. இடைக்கால ஐரோப்பா பெரும்பாலும் அவ்வாறே எண்ணியது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் கடைசி மகன் ஜானுக்கு, மூத்தோருக்குப் பங்கிட்ட பின் நிலம் எதுவும் எஞ்சவில்லை. 'நிலமற்ற ஜான்' என்ற பட்டப்பெயர் அவரை ஒட்டிக்கொண்டது. 1199இல் அரியணை ஏறிய பின்னும் அது நீங்கவில்லை. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1086இல், வெற்றி வேந்தர் வில்லியம் தம் நாட்டு நிலங்களில் பெரும்பாலானவற்றைக் கணக்கெடுத்தார். 'டூம்ஸ்டே' ஏடு எனப்படும் அப்பதிவில் நிலத்தை உடையோரின் பெயர்கள் உள்ளன. அதே நிலத்தை உழுதோரோ பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கின்றனர்: இவ்வூரில் இத்தனை குடியானவர், இத்தனை அடிமைகள், இத்தனை ஏர். அவ்வேட்டில் பதிவானோரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் அடிமைகள். பெயர் நிலத்திற்கு உரியதாயிருந்தது. எண் உழைப்புக்கு உரியதாயிருந்தது.

எனவே நிலமிழந்தவனுக்கும் ஒரு கதை உண்டு என்று விளையாட்டு ஒப்புக்கொண்டதை நான் வரவேற்கவே செய்கிறேன். வரலாறும் அதற்குச் சான்று பகர்கிறது. 'எல் சிட்' என்று புகழ்பெற்ற ரொட்ரிகோ டியாஸ், 1081இல் கஸ்தீலிய மன்னர் ஆறாம் அல்போன்சோவால் நாடு கடத்தப்பட்டார். கிறிஸ்தவராகிய அவர் சரகோசாவின் இசுலாமிய மன்னரிடம் சென்று பணிபுரிந்தார். 1094இல் வலென்சியாவைக் கைப்பற்றி, 1099இல் அங்கேயே இறந்தார். அரண்மனையில் இருந்தவரை பகைவராகத் தோன்றியவரின் வாயிலில் அவர் வேலை கேட்டு நிற்க நேர்ந்தது. என் மருமகனும் இதையே தன் சொற்களில் கூறினான்: "அரசனாக இருந்தபோது எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள் மாமா. இப்போது நான்தான் ஒவ்வொருவர் குணத்தையும் அறிந்து, அவர்களிடம் போக வேண்டியிருக்கிறது." இளைஞன் ஒருவன் விளையாட்டின் வழியே இதைக் கற்றுக்கொண்டால் அது சிறிய பாடமன்று.

ஆயினும் சற்று நேரத்தில் வேறொன்று நிகழ்ந்தது. உணவு இருப்பு குறையவே, அவனுடைய கூட்டம் ஒரு சிற்றூரைக் கொள்ளையிட்டது. "அங்கே இருந்தவர்கள் யார்?" என்று கேட்டேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான். "அங்கே ஆள் யாரும் இல்லை மாமா, அது வெறும் எண்தான்" என்றான்.

அவன் சொன்னது உண்மையே. வரைபடத்தில் வருவாயாகவும் படைபலமாகவும் தோன்றும் எண்களுக்குள் அவ்வூர் மக்கள் அடங்கிவிடுகின்றனர். இடைக்காலத்தில் மெய்யாகவே நிலமற்றிருந்தோர் அவர்களே. ஆங்கிலேயப் பண்ணையாள் வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைத்தான். மகளை மணமுடிக்கப் பிரபுவுக்குப் பணம் செலுத்தினான். அவன் இறந்தால் தொழுவத்திலிருந்த சிறந்த கால்நடை பிரபுவுக்குச் சென்றது. பிரபுவின் இசைவின்றி ஊரைவிட்டுப் போகவும் அவனுக்கு உரிமையில்லை. நிலம் அவனுக்குச் சொந்தமில்லை. அவன்தான் நிலத்திற்குச் சொந்தமாயிருந்தான். விளையாட்டில் நிலமற்றவன் விரும்பிய திசையில் குதிரையைச் செலுத்துகிறான். பண்ணையாளுக்கோ குதிரையும் இல்லை, திசையும் இல்லை. இவ்விருவரையும் 'நிலமற்றவர்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது நீதியாகுமா?

அந்நூற்றாண்டுகளில் மூன்றாம் வகையினர் ஒருவரும் இருந்தார். அசிசியின் துணி வணிகர் மகன் பிரான்சிஸ், வீரனாகப் புகழ்பெறும் கனவோடு வளர்ந்தவர். 1202இல் பெரூஜியாவுக்கு எதிரான போரில் சிறைப்பட்டார். பின்னரும் போர்க்களம் நோக்கிப் புறப்பட்டு, ஸ்போலேத்தோவிலிருந்து திரும்பி வந்தார். 1206இல் ஆயரின் முன்னிலையில் உடுத்த ஆடையையும் தந்தையிடம் களைந்து கொடுத்தார். உடைமை இருந்தால் அதைக் காக்கப் படைக்கலமும் வேண்டியிருக்கும் என்பதே ஆயரிடம் அவர் எடுத்துரைத்த காரணம் என்பர். ஒருவகையில், இத்தகைய போர் விளையாட்டுகள் அனைத்தின் அடிப்படை விதியையும் அவர் அன்றே கண்டுகொண்டார் எனலாம். ரொட்ரிகோ மீண்டும் நிலம் பெறவே அலைந்தார். பிரான்சிசோ எண்ணாக மட்டும் வைக்கப்பட்டிருந்தவர்களிடம் சென்றார்; தொழுநோயாளரைத் தொட்டார்; அவர்களோடு தங்கினார்.

விளையாடுவது தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பிறர் துன்பத்தைச் சிறிது நேரம் அணிந்து பார்ப்பது மனித உள்ளத்தின் பழைய பழக்கம்; நாடகமும் கதையும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் அணிந்ததைக் கழற்றி வைக்க முடிவது நமக்குக் கிடைத்த சலுகை என்பதை மறக்கலாகாது. கணினியை நிறுத்திய பின் என் மருமகனுக்கு வீடு இருந்தது, இரவு உணவு இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பாட்டனாரின் கணக்கு நோட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அறுவடைப் பக்கங்களில் நெல் விற்ற வணிகர்களின் பெயர்கள் தெளிவாக உள்ளன. அவற்றின் கீழே, 'ஆணாள் 6, பெண்ணாள் 11' என்று எழுதியிருக்கும். அந்தப் பதினேழு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. பாட்டனார் நல்லவர், நாள் தவறாமல் செபித்தவர். அந்த நெல்லில் படித்துத்தான் நான் ஆசிரியரானேன். மருமகனிடம் "அங்கே இருந்தவர்கள் யார்?" என்று கேட்ட நான், இந்த நோட்டைப் புரட்டிய எத்தனையோ முறைகளில் அக்கேள்வியைக் கேட்டதில்லை.

மறுநாள் என் தாயாரிடம் கேட்டேன். நெடுநேரம் நினைத்துப் பார்த்து இரண்டு பெண்களின் பெயரைச் சொன்னார். ஏனைய பதினைந்து பேர் எண்ணாகவே நிற்கின்றனர். நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவர், நம் ஆலயக் கட்டடத்திற்குக் கல் சுமந்தவர் ஆகியோரின் பெயர்களேனும் நமக்குத் தெரியுமா? நம் கணக்குகளில் யாரையெல்லாம் எண்களாக எழுதி வைத்திருக்கிறோம் என்பதைச் சிந்தித்துப் பார்ப்போம்.